ஐப்பசியில் வயதாகும் வண்டிகள்

சத்தியமங்கலத்து மெக்கானிக்குகள் அந்த இயந்திரத்துக்குச் சம்பந்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். அரசாங்கம் வைத்த பெயர் ஒன்றரை வரி நீளம். யாருக்கும் முழுசாக நினைவில்லை. சம்பந்திதான் பொருத்தமான பெயர். எங்கோ சென்னையில் இருந்துகொண்டு குறை சொல்லும். குறையையும் மரியாதையாகத்தான் சொல்லும். ஆனால் எதிர்த்துப் பேசிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

ஒவ்வொரு ஒர்க்‌ஷாப் சுவரிலும் அதற்கு ஒரு திரையும் ஒரு ஸ்பீக்கரும் உண்டு. வண்டியின் கம்ப்யூட்டர் லேசாக முனகினால் போதும். மாநிலத்தில் ஓடும் அத்தனை வண்டிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்து, அரை நொடியில் இன்ன கோளாறு என்று சொல்லிவிடும். பத்துக்கு ஒன்பது தடவை சரியாகவே இருக்கும். பழைய டீசல் வண்டியாக இருந்தால் சில சமயம் 'மூடல்' என்று தீர்ப்பு வரும். அன்று மாலை நான்கு மணிக்கு எஞ்சின் தானே பூட்டிக்கொள்ளும். முப்பது நாள் கழித்து வண்டி நசுக்கும் ஆலைக்குப் போய்விடும்.

மெக்கானிக்குக்கு அந்தத் தீர்ப்பை மறுக்க உரிமை உண்டு. காரணத்தோடு மறுக்க வேண்டும். மூன்று மறுப்பு தோற்றால் அவருடைய கட்டைவிரல் செல்லாது. இது சின்ன விஷயம் இல்லை. வண்டிகளின் பானட் பதிவுபெற்ற மெக்கானிக்கின் கட்டைவிரலுக்குத்தான் திறக்கும். வண்டிக்குச் சொந்தக்காரருக்கே திறக்காது. விரல் செல்லாத மெக்கானிக், வண்டியைச் சுற்றி வந்து கண்ணாடி வேண்டுமானால் துடைக்கலாம்.

கோகிலம் ஆட்டோ ஒர்க்ஸ் நடத்தும் கோகிலவாணி ஏற்கெனவே இரண்டு மறுப்புத் தோற்றிருந்தாள். இரண்டிலும் சம்பந்தி சொன்னதுதான் சரி. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

அன்று காலை பத்து மணிக்கு மாட்டு டாக்டர் தமிழ்மணி தன் பழைய டீசல் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். பின்சீட்டில் ஊசிமருந்துப் பெட்டியும் கயிறும், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் கிடந்தன.

"அம்மிணி, காலங்காத்தால சாவியைத் திருப்புனா இருபது நொடி இருமுது. அப்புறம் மனசு வந்து கெளம்புது. மத்தியானம் சூடா இருக்கறப்ப ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆகுது. என்னன்னு பாரு."

கோகிலவாணி பதில் சொல்வதற்குள் சுவர் பேசிவிட்டது.

"வணக்கம், கோகிலவாணி அவர்களே. இந்த வாகனத்தில் கேம்ஷாஃப்டும் கிராங்க்‌ஷாஃப்டும் முரண்படுகின்றன. இரண்டையும் இணைக்கும் டைமிங் செயின் நீண்டுவிட்டது. வாகனம் முதுமை அடைந்துள்ளது. மூடல், மாலை நான்கு மணி. வருத்தத்துடன் தெரிவிக்கிறேன்."

"வருத்தம் வேறயா?" என்றார் டாக்டர். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "மூடலா? திங்கக்கிழமை திம்பம் மலைக்கு மேல பதினாலு ஊருக்கும் கோமாரி ஊசி போடோணும். புது எலக்ட்ரிக் வண்டி எட்டு மாசம் கழிச்சுத் தர்றாங்களாம். அது வரைக்கும் சீக்கு வராம இருக்கச் சொல்லி மாடுககிட்ட யாரு பேசறது?"

கோகிலவாணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது நாளுக்கு முன் முட்டை வியாபாரி சின்ராசுவின் வண்டிக்கும் இதே வாசகம், ஓர் எழுத்து மாறாமல் வந்திருந்தது. மூன்றாவது மறுப்பும் தோற்றால் விரல் போய்விடும் என்ற பயத்தில் அவள் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள். சின்ராசு அன்று டிவிஎஸ்ஸில் முட்டை அட்டைகளைக் கட்டிக்கொண்டு போனதை ஊரே பார்த்தது.

"பாய், நீங்க என்ன சொல்றீங்க?" என்று திரும்பினாள்.

யூசுப் பாய் பத்து வருடமாக அவளோடு வேலை பார்க்கும் எலக்ட்ரீசியன், அவர் விரலுக்கும் பதிவு உண்டு. ஒயருக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "சம்பந்தி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லுவேன். ஆனா செயின் நீண்டா நீண்டதுதான் கோகிலா. காலையில நீண்டு மத்தியானம் சுருங்க அது என்ன ரப்பரா?"

அவள் மனதில் ஓடியதும் அதுதான். கட்டைவிரலைப் பானட்டில் வைத்தாள். பானட் திறந்தது.

எஞ்சினுக்குப் பின்பக்கம், ஒரு இரும்புப் பட்டையில், கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். கோகிலவாணி வழக்கம்போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

"மொதல்ல அந்தக் கேமும் கிராங்கும் எதுக்குச் சண்டை போடறாங்கன்னு சொல்லு" என்றார் டாக்டர், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு. "சாகப்போற மாடுன்னாலும் சீக்கு என்னன்னு தெரியோணுமல்ல?"

விளக்கச் சொல்லிக் கேட்டால் கோகிலவாணிக்குப் பசி மறந்துவிடும். ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"கடிகாரத்துல சின்ன முள்ளு ஒரு நாளைக்கு எத்தனை தடவைங்க பன்னெண்டுக்கு வரும்?"

"ரெண்டு தடவை."

"முள்ளை மட்டும் பாத்தா அது மத்தியானமா, நடுராத்திரியான்னு தெரியுங்களா?"

"தெரியாது."

"கிராங்க் அந்த முள்ளு மாதிரிங்க. பிஸ்டன் ரெண்டு தடவை உச்சிக்கு வரும். ஒரு தடவை காத்தை அமுக்கிட்டு வரும். அப்பத்தான் டீசல் பீச்சோணும். இன்னொரு தடவை புகையை வெளிய தள்ளிட்டு வரும். அப்பப் பீச்சுனா வீணு. கிராங்க் சென்சாருக்கு உச்சின்னு தெரியும், எந்த உச்சின்னு தெரியாது. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தறதுக்குள்ள கேம்ஷாஃப்ட் ஒரே ஒரு சுத்துதான் சுத்தும். அதனால கேம் சென்சார்தான் வெளிய எட்டிப் பாத்து, வெயிலா இருட்டான்னு சொல்லோணும்."

"சொல்லலைன்னா?"

"நடுராத்திரியில எலையைப் போட்டுச் சோத்தை வெச்ச மாதிரிதானுங்க. திங்க ஆளிருக்காது. உங்க வண்டி காலையில இருபது நொடி இருமறது அதுதான். இப்பவா, அப்பவான்னு ரெண்டு பக்கமும் எலை போட்டுப் பாக்குது."

"உச்சிங்கறதை அந்தக் கிராங்க் சென்சார் எப்படித் தெரிஞ்சுக்குது?"

"அங்க ஒரு பல்சக்கரம் இருக்குதுங்க. அறுபது பல்லுக்கு எடம் விட்டு, வேணும்னே ரெண்டு பல்லு இல்லாம பண்ணியிருப்பாங்க. சென்சார் பல்லை எண்ணிக்கிட்டே இருக்கும். பொக்கை வந்துதுன்னா ஒரு சுத்து முடிஞ்சுது."

டாக்டருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "நாங்களும் மாட்டுக்குப் பல்லைப் பாத்துத்தான் வயசு சொல்லுவோம். உன்ற சம்பந்தி பல்லைப் பாக்காமயே என்ற வண்டியைக் கெழடுன்னு சொல்லிப்போட்டுது பாரு!"

"நான் பார்த்தேன்" என்றது சுவர். "ஐம்பத்தெட்டுப் பற்களும் நலமாக உள்ளன."

"கேக்கற வேலையும் உண்டா இதுக்கு?" என்று டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

பதினொரு மணிக்கு அவள் இரண்டு சென்சார்களின் ஒயர்களிலும் கருவியை மாட்டித் திரையில் பார்த்தாள். கிராங்கின் கோடு கோலப்புள்ளி மாதிரி ஒழுங்காக வந்தது. கேமின் கோட்டில் ஒரு துடிப்பு மட்டும் வர வேண்டிய நேரத்துக்கு வராமல், வந்ததும் போகாமல், தடித்துக் கிடந்தது. எலி கடித்திருக்குமோ என்று ஒயரை அங்குலம் அங்குலமாகத் தடவினாள். எலி கடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றி மாட்டினாள். கோடு மாறவில்லை. பிள்ளையார் மேல் கை படாமல் பழைய சென்சாரைக் கழற்றிப் புதியதைப் போட்டாள். அப்போதும் அதே தடிப்பு. பழையதை யூசுப் பாயின் சொந்த வண்டியில் மாட்டினாள். அது அங்கே பழுதில்லாமல் வேலை செய்தது.

"ஆக, சென்சார் பொய் சொல்லலை" என்றார் பாய். "அப்ப செயின்தான். சம்பந்தி பக்கம்தான் காத்து அடிக்குது."

செயின் மேலிருந்த மூடியைக் கழற்றி, எஞ்சினைக் கையாலேயே ஸ்பேனர் போட்டுச் சுற்றினாள். செயின் நீண்டிருந்தால் மேல் சக்கரத்தின் குறியும் கீழ்ச் சக்கரத்தின் குறியும் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும். இரண்டும் நேருக்கு நேராக வந்து நின்றன. மறுபடி சுற்றினாள். மறுபடியும் நேர்.

மணி இரண்டே கால். கோகிலவாணி வியர்வையைத் துடைத்தாள். "செயினும் நல்லது, சென்சாரும் நல்லது. ரெண்டு பேருக்கும் நடுவுல வேற யாரோ புகுந்து பேசறாங்க. இந்தக் கேம் சென்சார் காந்தத்தை வெச்சுத்தான் பாக்கும். இரும்பு கிட்ட வந்துட்டுப் போறதை அது உணரும். அதோட காதுல வேற ஏதோ கத்திட்டு இருக்குது."

"அப்ப மத்தியானத்துல ஏன் கத்தலை?" என்றார் டாக்டர்.

"அதுதானுங்களே..." என்று அவள் குனிந்தபோது வியர்வைக் கையிலிருந்து சின்ன ஸ்பேனர் நழுவியது. கீழே விழும் சத்தத்துக்காக மூவரும் காத்திருந்தார்கள். சத்தம் வரவில்லை. 'டக்' என்று பிள்ளையாரின் தொந்தியில் போய் ஒட்டிக்கொண்டு தொங்கியது.



டாக்டர்தான் முதலில் எழுந்தார். ஸ்பேனரைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். "அடேயப்பா! கம்பி, ஆணி முழுங்குன மாட்டுக்கு வயித்துக்குள்ள ஒரு காந்தம் போடுவோம். அதுக்குக்கூட இவ்வளவு வீரியம் இருக்காது. இவரை ஒரு மாட்டுக்குள்ள விட்டா, தாம்புக் கொக்கியோட மாட்டையும் சேத்து இழுத்துப்போடுவாரு!"

கோகிலவாணி சிரிக்கவில்லை. எஞ்சினை ஒரு பார்வை பார்த்தாள். சுற்றிலும் அலுமினியம், இல்லாவிட்டால் பிளாஸ்டிக். காந்தம் ஒட்டுகிற இரும்பு அங்கே ஒரே ஒரு பட்டையில்தான் இருந்தது. அந்தப் பட்டை கேம் சென்சாருக்கு இரண்டு விரல் தள்ளி இருந்தது. இந்த மாடல் வண்டியில் யார் ஒட்டினாலும் பிள்ளையார் அங்கேதான் உட்காருவார். சூடு ஏறினால் காந்தத்தின் வலு கொஞ்சம் குறையும். அதனால்தான் மத்தியானத்தில் கத்தல் அடங்கியது. காலையிலிருந்து அவள் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருந்தாள், ஒருவரைத் தவிர. அவரை மட்டும் கும்பிட்டிருந்தாள்.

பிள்ளையாரைப் பெயர்த்தெடுத்துத் திருப்பினாள். முதுகில் சிவப்பு எழுத்தில் அச்சாகியிருந்தது: 'ஆயுத பூஜை நல்வாழ்த்துகள். கோகிலம் ஆட்டோ ஒர்க்ஸ், சத்தியமங்கலம்.'

வருடத்தில் அந்த ஒரு நாள்தான் சொந்தக்காரர்கள் தங்கள் எஞ்சினைக் கண்ணால் பார்ப்பார்கள். அதற்காகவே குடும்பத்தோடு வருவார்கள். கோகிலவாணி ஒவ்வொரு வண்டியாகக் கட்டைவிரல் வைத்துத் திறப்பாள். எஞ்சினுக்குச் சந்தனம், குங்குமம், பொரி, சூடம். எல்லாம் முடிந்ததும் ஒர்க்‌ஷாப் பரிசாக ஒரு பிள்ளையார். வாடிக்கையாளர் கையாலேயே உள்ளே ஒட்டச் சொல்வாள்.

"போன வருசத்துப் பிள்ளையார் ஸ்பீட் பிரேக்கர்ல எல்லாம் விழுந்துட்டாருன்னு சனங்க வருத்தப்பட்டாங்க" என்றாள் மெதுவாக.

"அதனால காந்தம் நல்லா ஸ்ட்ராங்கா இருக்கோணும்னு ஈரோட்டுக் கடைக்காரன்கிட்டச் சண்டை போட்டது யாரு?" என்றார் யூசுப் பாய்.

"நாந்தேன்."

"எத்தனை?"

"நூத்தி நாப்பது."

யூசுப் பாய் டேப்பைக் கீழே வைத்தார். "பூஜை முடிஞ்ச இந்த மூணு வாரத்துல நம்மூர்ல பதினோரு வண்டி மூடியிருக்குது, கோகிலா."

பிள்ளையாரை எடுத்த கையோடு மூடியை மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். ஒரே திருப்பு. திரையில் கேமின் தடித்த துடிப்பு இளைத்து ஒழுங்குக்கு வந்திருந்தது. ஆனாலும் மூடல் உத்தரவு அப்படியே நின்றது. காரணம் எழுதி மறுத்தால்தான் அது விலகும். காரணம் தெரியும், சிக்கலே அதுதான். கோளாறுக்கு மெக்கானிக்கே காரணம் என்றால் மறுப்பு ஏற்கப்படும், ஆனால் மெக்கானிக்கின் கணக்கில் அது தோல்வியாகவே ஏறும். அவளுக்கு அது மூன்றாவது.

மணி மூன்றேகால். டாக்டர் அவளை ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"பிளக் லூஸ்னு எழுதிப்போடு. ரெண்டே வார்த்தை. என்ற வண்டியும் பொழைக்கும், உன்ற விரலும் பொழைக்கும். பிள்ளையாருக்கும் கெட்ட பேரு இல்ல."

"மத்த பதினோரு வண்டி?"

"அவங்களுக்குப் போன் பண்ணி..."

"போன் பண்ணி என்னங்க சொல்றது? எஞ்சின் பூட்டிக்கிச்சு. பிள்ளையாரை எடுத்தாலும் தொறக்காது. நெசமான காரணத்தை எழுதுனாத்தான் அந்தத் தீர்ப்பும் மாறும். சின்ராசண்ணன் வண்டி நசுங்க இன்னும் இருபத்தொரு நாள்தான் இருக்குது. அதுக்குக் கையெழுத்துப் போட்டவளே நான்."

"நீ நல்லவளா இருக்கறது எனக்கு சந்தோசம் அம்மிணி. ஆனா பாய் ஒயரைத்தான் பாப்பாரு. நாளைக்கு என்ற எஞ்சினை யாரு பாப்பாங்க?"

வலது கட்டைவிரலில் ஒட்டியிருந்த கிரீஸைச் சட்டையில் துடைத்தாள். துடைத்தபின் ஒரு தடவை பார்த்தும் கொண்டாள். பிறகு உள்ளே போய்த் திரையின் முன் நின்று, காரணம் என்ற கட்டத்தில் எழுதினாள்: 'கேம் சென்சாருக்கு அருகில் வலுவான காந்தம். பொருள்: பிள்ளையார். வைத்தவர்: நான். இதே மாடல் வண்டிகள் எல்லாவற்றையும் திறந்து பார்க்கவும்.' கீழே விரலை வைத்து அழுத்தினாள். மணி மூன்று நாற்பது.

அரை நொடியில் பேசும் சம்பந்தி பதினைந்து நொடி பேசவில்லை.

"மறுப்பு ஏற்கப்பட்டது. மூடல் விலக்கப்பட்டது. கோளாறுக்குக் காரணம் மெக்கானிக். இது மூன்றாவது தோல்வி. உங்கள் கட்டைவிரல் தொண்ணூறு நாட்களுக்குச் செல்லாது. வருத்தத்துடன் தெரிவிக்கிறேன்."

"நெம்ப நன்றிங்க" என்றாள் கோகிலவாணி.

"ஒரு கேள்வி" என்றது சுவர். மூவரும் நிமிர்ந்தார்கள். அது கேள்வி கேட்டு அவர்கள் கேட்டதில்லை. "கடந்த ஆறு ஆண்டுகளாக, ஆயுத பூஜைக்குப் பின் வரும் நாற்பது நாட்களில், மாநிலம் முழுவதும் நாலாயிரத்துப் பதினாறு மறுப்புகளில் ஒரே காரணம் எழுதப்பட்டுள்ளது: பிளக் லூஸ். மறுப்பு வராத வாகனங்கள் முதுமையால் மூடப்பட்டன. இவற்றிலிருந்து, ஐப்பசி மாதத்தில் பிளக்குகள் தளர்கின்றன, டீசல் வாகனங்களுக்கு வயதாகிறது என்று கற்றுக்கொண்டேன். மழைக்காற்று காரணமாக இருக்கலாம் என்று அரசுக்கு ஓர் அறிக்கையும் அனுப்பியிருக்கிறேன். அந்த நாலாயிரத்துப் பதினாறும் பிள்ளையார்தானா?"

யூசுப் பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். டாக்டர் தன் செருப்பைப் பார்த்தார். கோகிலவாணிக்குக் கோபிசெட்டிப்பாளையம் முதல் குமரி வரை ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பும் கண்ணில் தெரிந்தது. எல்லா ஊரிலும் ஸ்பேனர் டக்கென்று ஒட்டியிருக்கிறது. எல்லா ஊரிலும் ஒருவர் வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நாலாயிரம் விரலுக்கு ஆபத்து.

"அதை அவங்களைத்தான் கேக்கோணுங்க" என்றாள். "ஆனா விரலைப் பிடிச்சு முறுக்கிட்டே கேட்டீங்கன்னா பிளக் லூஸுன்னுதான் சொல்லுவாங்க. நீங்களும் அதையேதான் படிப்பீங்க. அப்புறம் கார்த்திகையிலயும் வண்டிக்கு வயசாகும்."

நான்கு மணி அடித்தது. டாக்டர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வாசல் தாண்டும்போது வழக்கமாக அடிக்கும் ஹாரனை அடிக்கவில்லை.

மறுநாள் காலை மாநிலத்தின் எல்லாத் திரைகளிலும் மறுப்புப் படிவம் மாறியிருந்தது. 'காரணம் எது' என்ற கட்டம் இருந்தது. 'காரணம் யார்' என்ற கட்டத்தைக் காணோம். பழைய காரணங்களைத் திருத்த ஒரு வாரம் அவகாசம் என்று கீழே ஒரு வரி. முதல் நாள் யாரும் நம்பவில்லை. இரண்டாம் நாள் ஒருவர் திருத்தினார். மூன்றாம் நாள் கொட்டியது. பிள்ளையார் இரண்டாயிரத்துச் சொச்சம், முருகன், மாரியம்மன், கையில் சுருட்டோடு ஒரு முனியப்பன், கடல்புரத்து ஒர்க்‌ஷாப்புகளிலிருந்து மாதா சுரூபம், பள்ளிவாசல் படம், ஒரு நடிகர், திருப்பூரில் ஒருவர் தன் மாமனாரின் போட்டோவையே காந்தத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தார். மூடிக் கிடந்த வண்டிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

கோகிலவாணியின் விரல் மட்டும் திறக்கவில்லை. அவள் எழுதியது முந்தின நாள், பழைய விதி இருந்தபோது.

நான்காம் நாள் சின்ராசுவின் வண்டி திரும்பி வந்தது. யூசுப் பாய் தன் விரலை வைத்துப் பானட்டைத் திறந்தார். கோகிலவாணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கே தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கை சும்மா இருந்ததால் வாய் இரண்டு மடங்கு வேலை செய்தது. பாய் இரண்டு தடவை காதைப் பொத்திக்கொண்டார். பிள்ளையாரைப் பெயர்த்தெடுத்ததும் சின்ராசு அவரை வாங்கி, வேட்டியில் துடைத்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் பத்திரமாக உட்கார வைத்தார். முட்டை ஏற்றப் போய்விட்டார்.

"கோகிலவாணி அவர்களே" என்றது சுவர். இப்போதெல்லாம் அது நாளைக்கு இரண்டு தடவையாவது அவளிடம் எதையாவது கேட்டது. "இடையூறு செய்த பொருளை ஒருவர்கூட எறியவில்லை. எல்லா மாவட்டங்களிலும் எடுத்து முன்பக்கம் வைத்துக்கொள்கிறார்கள். இதை எந்தக் கோளாறாகப் பதிவு செய்வது?"

"கோளாறே இல்லீங்க. அவரு பாவம் என்ன பண்ணுனாரு? வெச்ச எடந்தான் சரியில்லை."

சம்பந்தி யோசித்தது. "அப்படியானால், வைத்தவர்?"

கோகிலவாணி பாயின் கையில் இருந்த ஸ்பேனரை ஆசையோடு பார்த்தாள்.

"வெச்சவளுக்கு இன்னும் எம்பத்தாறு நாள் இருக்குதுங்க."